கிராம சபையில் முதல் தடவை பேசப் போகிறீர்களா? குழாயடிப் பேச்சைத் தீர்மானமாக்கும் வழி

எங்கள் ஊரில் எல்லாச் செய்தியும் முதலில் குழாயடிக்குத்தான் வரும். யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்தக் கிணற்றில் மோட்டார் காயில் எரிந்தது, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா என்பதெல்லாம் ஒரு குடம் நிறைவதற்குள் தெரிந்துவிடும். குறைகளையும் அங்கேதான் பேசுவோம். பேசி முடித்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பேச்சைத் தாளில் ஏற்றி அலுவலகம் வரை கொண்டுபோக நம் எல்லோருக்கும் சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது, கிராம சபை.

முதல் தடவை நான் எழுந்தபோது ரோடு, லைட், தண்ணீர், சாக்கடை என்று மனதில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தயாராகிப் போனேன். அது எழுதப்பட்டது, நடக்கவும் செய்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். யாரும் அழைக்கவோ அனுமதி தரவோ தேவையில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கொடுத்த உரிமை இது. குடவோலை முறையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வைத்திருந்த, 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருந்த ஆண்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. இன்றைய சபையில் நிலமே இல்லாத ஒரு பாட்டியும் நூறு ஏக்கர்க்காரரும் ஒரே பாயில் உட்காரலாம். எனக்கு இதுதான் பெரிய பெருமையாகத் தெரிகிறது.

சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் பழையவை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1, உள்ளாட்சி நாள். இந்த இரண்டும் 2022-இல் சேர்ந்தவை. சில சமயம் தேதி தள்ளிப்போகும், விசாரித்துக்கொள்ளுங்கள். தேர்தல் நடக்காமல் தலைவருக்குப் பதில் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் சபை கூடும். "தலைவரே இல்லையே" என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

படி 1: ஊருக்குள் கேளுங்கள்

குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

குழாயடி, டீக்கடை, மந்தை, பால் ஊற்றும் இடம் என்று எங்கெல்லாம் ஆட்கள் கூடுகிறார்களோ அங்கெல்லாம் காது கொடுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். "நேற்று டேங்க் நிறையவில்லை" என்பது செய்தி. "எங்கள் தெருவுக்குத் தனி வால்வு வேண்டும்" என்பது கோரிக்கை. "மேலத்தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்" என்பது, நீங்களே போய்ப் பார்க்கும்வரை, ஒருவருடைய கருத்து மட்டும்தான். குழாயடியில் இந்த மூன்றும் கலந்துதான் வரும். கலந்தபடியே சபைக்குக் கொண்டுபோனால் பதில் சண்டையாகத்தான் வரும்.

எங்கள் விஷயத்தையே சொல்கிறேன். கீழத்தெருக் கடைசி 14 வீடுகளுக்குத் தண்ணீர் சரியாக வராது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருநாள் காலையில் கையில் செல்போனை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் குடம் நிறையும் நேரத்தைக் குறித்தோம். தெரு முதல் வீட்டில் ஒரு நிமிடம், கடைசி வீட்டில் ஒன்பது நிமிடம். ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தில் ஏறக்குறைய 18 குடம். கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஐந்து. வேறு வாதமே தேவைப்படவில்லை.

அப்புறம் டேங்க் ஆபரேட்டரிடம் போனோம். யாரும் அவரிடம் கேட்டதே இல்லை, திட்டத்தான் செய்திருக்கிறார்கள். "ஒரே லைன்ல எல்லாத் தெருவுக்கும் போகுதுண்ணே. முன்னாடி உள்ள வீடெல்லாம் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள டேங்க் காலி. பிரியிற இடத்துல ஒரு கேட் வால்வு போட்டாப் போதும், நான் மாத்தி மாத்தி விட்டுருவேன்" என்றார். மேலத்தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சவில்லை. அவர்கள் வீடு டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இதை மேலத்தெருவிலும் போய்ச் சொன்னோம். அங்கிருந்தும் ஆறு பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். குறை யாரால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அவர்களிடம் சபைக்கு முன்பே ஒரு தடவை நேரில் பேசிவிடுங்கள். ஒரே ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

படி 2: அது யாருடைய வேலை என்று பாருங்கள்

தெருவிளக்கின் பல்பு ஊராட்சியின் பொறுப்பு, கம்பமும் கம்பியும் மின்வாரியம். குடிநீர், தெருச் சாக்கடை, குப்பை, மயானப் பாதை இவையெல்லாம் ஊராட்சி. பட்டா என்றால் வருவாய்த் துறை, வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும். கண்மாயில் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்தால் பெரும்பாலும் நீர்வளத் துறையின் கையில் இருக்கும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடம். ரோட்டிலும் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று வகை உண்டு. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

வேறு துறை என்றாலும் விட்டுவிட வேண்டாம். "இந்தத் துறைக்குப் பரிந்துரைக்கிறோம்" என்று சபை தீர்மானம் போடலாம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர்களில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். சுரங்க ஏலம் மத்திய அரசின் வேலை. ஆனாலும் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் தீர்மானத்தோடு நிற்காமல் திரண்டு நின்றன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

படி 3: மனு எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

> பொருள்: கீழத்தெருக் கடைசி 14 வீடுகளுக்குக் குடிநீர் கிடைக்க கேட் வால்வு அமைக்கக் கோருதல்.
>
> மேலத்தெரு, கீழத்தெரு இரண்டுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் விடப்படுவதால் கீழத்தெருவின் கடைசி 14 வீடுகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு குடம் மட்டுமே கிடைக்கிறது. குழாய் பிரியும் இடத்தில் கேட் வால்வு அமைத்து, இரண்டு தெருவுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதைக் கிராம சபையின் பொருளாகச் சேர்த்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்.

எங்கே, எத்தனை வீடு, என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். "ஆவன செய்யுமாறு" என்று மட்டும் எழுதாதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கீழே பெயர், வீட்டு எண், கையெழுத்து. கைநாட்டு வைப்பவர்களுக்கு முழு மனுவையும் வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இரண்டு பிரதி எடுத்து, சபைக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: சபை நாள்

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே இடம், நேரம், பொருள் எல்லாம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள். அதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்டங்களுக்கும் எழுதினார். நல்ல முடிவு. ஒரு சமூகத்து மனிதர் மட்டும் பறையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டியிருந்தது எப்போதோ நின்றிருக்க வேண்டும்.

எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நடத்தாமல் ஊராட்சியின் குக்கிராமங்களுக்குள் சுழற்சியாக நடத்த வேண்டும் என்றும் அரசு சொல்கிறது. காலனிப் பக்கம் ஒருமுறைகூட சபை நடந்ததில்லை என்றால், உங்கள் முதல் கோரிக்கையாக அதையே வைக்கலாம். தூரத்து மண்டபத்தில் வந்து வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நடந்தால் பேசுவார்கள். எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு. மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் தெருவிலிருந்து பத்து வீட்டுக்காரர்களையாவது கூட்டிப் போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைக் கூட்டத்தில் உட்கார்ந்து போடுங்கள். வீடு தேடி வந்து "சும்மா ஒரு கையெழுத்து" என்று நோட்டை நீட்டினால் போடாதீர்கள்.

உங்கள் பேச்சு இரண்டு நிமிடம் போதும். "வணக்கம். கீழத்தெருவிலிருந்து பேசுகிறேன். எங்கள் மனு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று ஆரம்பித்து, அந்த நான்கு விஷயத்தையும் சொல்லுங்கள். தலைவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் அங்கே "தலைவர் அவர்களே" என்றே கூப்பிடுங்கள். உறவைச் சொல்லிக் கூப்பிட்டால் வேண்டியவர்களுக்குச் செய்கிறார் என்ற பேச்சு வரும், அது அவருக்கும் சங்கடம். யாராவது குறுக்கே சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடாமல், அவர் முடிக்கும்வரை நின்றுகொண்டே இருங்கள். உட்கார்ந்துவிடாதீர்கள். கால் நடுங்கினால் தாளைப் பார்த்து வாசியுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

பாதிக்கப்பட்டவரே பேசினால் இன்னும் நல்லது. எங்கள் சபையில் ஒன்பது நிமிடக் கணக்கை நான் சொன்னதைவிட, கடைசி வீட்டுப் பெரியம்மா "ஐயா, அஞ்சு குடத்துல நான் சமைக்கவா, குளிக்கவா?" என்று கேட்டதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

படி 5: எழுத வையுங்கள்

பலர் விட்டுவிடும் இடம் இது. "பார்க்கலாம்", "செய்துடலாம்" என்று மேடையில் சொன்னவுடன் நாம் மகிழ்ச்சியாக உட்கார்ந்துவிடுகிறோம். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதாத எதுவும் கூட்டம் கலைந்ததும் குழாயடிப் பேச்சாகத் திரும்பிவிடும்.

"இதைத் தீர்மானமாகப் பதிவு செய்து, எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். வாசிக்கும்போது கவனியுங்கள். "குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது" என்று இருந்தால் போதாது. "கீழத்தெருவில் குழாய் பிரியும் இடத்தில் கேட் வால்வு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும். தீர்மானத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவையும் வாசித்து ஒப்புதல் கேட்பார்கள். உங்கள் வேலை முடிந்தது என்று எழுந்து போகாமல் அதையும் கேளுங்கள். குழாய் பழுதுக்கு எவ்வளவு செலவானது என்று அதில்தான் தெரியும்.

படி 6: பின்தொடருங்கள், தெருவுக்குத் தகவல் சொல்லுங்கள்

தீர்மான எண்ணையும் தேதியையும் டீக்கடைப் பலகையில் எழுதிப் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் போனால் அடுத்த தடவை அவர்கள் வர மாட்டார்கள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அசைவு இல்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, அங்கேயும் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணில் பேசலாம். தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

எங்கள் வால்வு வர நான்கு மாதம் ஆனது. இரண்டு தடவை ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கீழத்தெருவுக்கு முதலில் தண்ணீர் வருகிறது. அதற்கடுத்த சபையில் அந்தப் பெரியம்மா யாரும் சொல்லாமல் அவராகவே எழுந்தார். கையில் ஒரு பக்க மனு, பேரன் எழுதிக் கொடுத்தது. கண்மாய்க் கரைப் பாதைக்கு இரண்டு விளக்கு கேட்டிருந்தார்.