வசனத்தில் உள்ளதா, நாம் சேர்த்ததா?

வேதாகமத்தில் ஓர் உவமைக்கோ கதைக்கோ விளக்கவுரை தேடும் முன், வேதாகமத்தை மூடிவைத்து, கதையை நினைவிலிருந்து ஐந்தாறு வரியில் எழுதுங்கள். பிறகு வசனம் வசனமாக ஒப்பிடுங்கள்: நீங்கள் விட்டதை வேதாகமத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள், சேர்த்ததை உங்கள் தாளில் அடிக்கோடிடுங்கள்.

எதைக் காரணம் என்று நம்புகிறோமோ, நினைவு அதையே பிடித்துவைக்கும். கெட்ட குமாரன் கதையில் (லூக்கா 15:11-32) எளிதில் நழுவுவது 14ஆம் வசனத்தின் பஞ்சம். சொத்தை அழித்தான், பட்டினி கிடந்தான் என்று முடித்துவிடுவோம். ஒருவரும் கொடுக்கவில்லை என்ற 16ஆம் வசனமும் காணாமல் போகும். பசியை அறிந்தவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான். மத்தேயு 2இல் குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் (கிழக்கத்திய ஞானிகள்) மூவர் என்று எழுதினீர்களா? மூன்று என்பது காணிக்கைகள்தான். ஆட்களின் எண்ணிக்கை அங்கே இல்லை.

நிருபங்கள் (அப்போஸ்தலர் எழுதிய கடிதங்கள்), நீதிமொழிகளுக்கு இது சரிவராது, கதையோட்டம் கிடையாது. முதல்முறை வாசிக்கும் பகுதிக்கும் வேண்டாம்.