பாண் கேட்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் சென்னைக் கடையில் பிரெட்டுக்கு 'பாண்' என்று கேட்காதீர்கள். போன முறை நான் தி. நகரில், "அண்ணை, பாண் இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் எதிரே இருந்த பீடாக் கடையைக் காட்டிவிட்டார். அவர் மேல் பிழையில்லை. வடமொழியில் பர்ணம் என்றால் இலை. அது தேய்ந்து இந்தியில் 'பான்' ஆகி வெற்றிலையைக் குறிக்கிறது. ஆகவே அங்கே 'பிரெட்' என்றே கேளுங்கள். 'ரொட்டி' என்றால் சப்பாத்தி மாதிரி ஏதாவது வந்து சேரலாம்.

நம்முடைய பாண், 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அதற்கும் மூலம் இலத்தீன் 'பானிஸ்'. பிரான்சில் இருப்பவர்கள் தினமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற நீட்டுப் பாணின் பெயரான 'பகெத்' வேறு வேர், ஆனால் பாணுக்குப் பிரெஞ்சில் உள்ள பொதுப் பெயர் அதே வேர்தான். பாவ் பாஜியில் உள்ள 'பாவ்', ஜப்பானியர் சொல்லும் 'பான்' இரண்டும் போர்த்துக்கீசர் கொண்டுபோனவை. சிங்களத்திலும் இது பாண்தான் என்பதால் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குக் கவலையில்லை.

யாழ்ப்பாணத்துப் பேக்கரிக்குப் பின்னேரம் போங்கள், பாண் சுடும் அடுப்பான போறணையிலிருந்து எடுத்த சூட்டோடு கிடைக்கும். "ஒரு றாத்தல் பாண் தாங்கோ" என்றால் போதும். றாத்தல் அரபியிலிருந்து வந்த நிறைப் பெயர். கடையில் அது ஏறத்தாழ 450 கிராம் பாண். இரண்டு பேருக்கு அரை றாத்தல் காணும். சுடச்சுட வெட்டித் தரச் சொல்லாதீர்கள், நசிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து கையால் பிய்த்து, இடித்த சம்பலோடு சாப்பிடுங்கள். நான் பருப்புக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

சங்கத் தமிழின் 'பாண்' வேறு, அது பாட்டு. யாழ் வாசித்த பாணனுக்குப் பரிசாகக் கிடைத்த மண் என்பதால்தான் யாழ்ப்பாணம் என்று பெயர் வந்ததாகக் கதை சொல்வார்கள். பாண் தின்கிறவர்களின் ஊர் என்பதால் வந்த பெயரல்ல. பிள்ளைகள் கேட்டால் சொல்லிவிடுங்கள்.

காலையில் பீத்தோவன் மெட்டு ஒலித்தால் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துப் படுத்திருக்காதீர்கள், அது பாண் ஆட்டோவாகவும் இருக்கலாம். தாள் காசை மாற்றிச் சில்லறையோடு படலையடியில் நில்லுங்கள். கை காட்டாவிட்டால் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.