இளைஞர் திருப்பலியைத் தயாரிப்பது எப்படி? முதல்முறை பொறுப்பெடுப்பவர்களுக்கு

‘இந்தத் தடவை இளைஞர் திருப்பலிய நீங்களே பார்த்துக்கோங்க’ என்று ஃபாதர் சொல்லிவிட்டார். கத்தோலிக்கக் கோவிலில் இளைஞர்கள் பொறுப்பேற்றுத் தயாரிக்கும் பூசை அது. அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் பாட்டு லிங்க் வந்து குவியும். சென்னையில் எத்தனையோ பங்குகளில் (கோவில் சமூகங்களில்) இந்த இடத்தில்தான் வேலை தடம் மாறுகிறது. பாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த நாளில் என்ன விழா, என்ன வாசகம் என்று சொல்லும் திருவழிபாட்டு நாட்காட்டியை எடுங்கள்.

படி 1: அன்றைக்கு என்ன நாள்?

ஒரே உதாரணத்தோடு போவோம். 2026 நவம்பர் 22, கிறிஸ்து அரசர் பெருவிழா. மறைமாவட்ட (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) அளவிலான உலக இளைஞர் நாளைக் குருத்து ஞாயிறிலிருந்து இந்தப் பெருவிழாவுக்கு மாற்றுவதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் அறிவித்தார். ஆகவே இளைஞர் திருப்பலிக்குப் பொருத்தமான நாள்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டு எண் மூன்றால் மீதியில்லாமல் வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதல் ஆண்டு. ஆனால் கணக்கு மாறுவது ஜனவரியில் இல்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்புக் காலமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறில்.

முதல் ஆண்டில் கிறிஸ்து அரசர் பெருவிழாவின் நற்செய்தி மத்தேயு 25: ‘பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள்.’ உங்கள் கருப்பொருள் இதிலிருந்தே பிறக்கட்டும். ‘நட்பு’, ‘கனவு’ என்று ஒன்றை முன்னாடியே முடிவு பண்ணிவிட்டு அதற்கேற்ற வாசகத்தைத் தேடுவது தலைகீழ் வேலை. ஞாயிறு வாசகத்தை மாற்றுவது நம் கையில் இல்லை.

படி 2: ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

இடப்பக்கம் ‘மாறாதது’ என்றும் வலப்பக்கம் ‘நாம் தேர்ந்தெடுப்பது’ என்றும் எழுதுங்கள்.

ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, பதிலுரைப் பாடல், தூயவர், செம்மறியே ஆகிய திருப்பலிப் பாடல்கள் இடப்பக்கம். இவற்றுக்கு இசை நம்முடையதாக இருக்கலாம், சொற்கள் திருச்சபையுடையவை. ‘உன்னதங்களிலே’ முதல் வரியை மட்டும் பல்லவியாக வைத்துக்கொண்டு சரணங்களை நாமே எழுதிச் சேர்ப்பது பல குழுக்களின் பழக்கம். அதற்கு அனுமதி இல்லை. வருகை, காணிக்கை, திருவிருந்து, நன்றிப் பாடல்கள் வலப்பக்கம். உங்கள் உழைப்பையெல்லாம் இங்கே கொட்டுங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பின் 22ஆம் எண்ணைக் குழுவாக உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். குருவானவரே ஆனாலும் திருவழிபாட்டில் தம் விருப்பப்படி எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல். சாந்தோமிலும் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே நுழைந்தாலும் அது அவருடைய திருப்பலியாகவே இருக்கும்.

படி 3: பதிலுரைப் பாடல்

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். எங்கள் முதல் இளைஞர் திருப்பலியில் இதற்குப் பதிலாக எல்லோருக்கும் பிடித்த ஒரு பக்திப் பாட்டைப் பாடினோம். முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் வந்து, ‘திருப்பாடல் எங்கப்பா? காலையிலேயே வீட்ல படிச்சிட்டு வந்தேனே’ என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் வேறு பாட்டைப் பாடக் கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. முதல் வாசகத்துக்கு மக்கள் சொல்லும் பதில் அது.

நம் உதாரண நாளுக்கு 23ஆம் திருப்பாடல்: ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.’ பல்லவியை மோகனத்தில் ஐந்து சுரத்துக்குள் அடக்குங்கள். ‘குறையில்லை’ என்ற சொல்லில் மெட்டு இறங்கி ச-வில் நிற்கட்டும். ஒரு முறை கேட்டவர் மறுமுறை பாடிவிடுவார். சரணங்களை ஒருவர் மட்டும், வாசக மேடையில் நின்று, கிட்டார் துணையோடு பாடினால் போதும்.

படி 4: எப்போது கருவிகள் நிற்க வேண்டும்?

குருவானவர் சபையின் பெயரால் உரக்கச் செபிக்கும்போது எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது. அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணித்துக் குருவானவர் சொல்லும் முக்கிய செபமான நற்கருணை மன்றாட்டின்போது எங்கள் கீபோர்டு தம்பி, பக்தியாக இருக்கும் என்று நினைத்து, மெல்லிய ஸ்ட்ரிங்ஸை விடாமல் பிடித்திருந்தான். அவன் எண்ணம் நல்லதுதான். ஆனால் பின்பெஞ்சில் இருந்தவர்கள் காதில் இசைதான் விழுந்தது, செபம் விழவில்லை. இப்போது அந்த நேரத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே. நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் விதிவிலக்கு.

சினிமா மெட்டில் இயேசுவின் பெயரை ஏற்றிப் பாட வேண்டாம். கேட்பவர் மனம் முதல் இரண்டு நொடியிலேயே திரைக்குப் போய்விடும். மைனஸ் ட்ராக்கையும் (குரல் இல்லாமல் பதிவு செய்த இசை) நான் அனுமதிக்க மாட்டேன். ஃபாதர் இரண்டு நிமிடம் தாமதித்தால் ட்ராக் காத்திருக்காது.

படி 5: மன்றாட்டும் காணிக்கையும்

மன்றாட்டு வரிசை எளிது: திருச்சபை, ஆட்சியாளரும் உலகமும், துன்புறுவோர், நம் பங்கு. இன்டர்நெட்டில் இருந்து எடுக்காதீர்கள். காசிமேட்டில் கடலுக்குப் போகும் அண்ணன், ஓஎம்ஆரில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அக்கா, டிஎன்பிஎஸ்சிக்கு மூன்றாம் முறை படிப்பவர் என ஆளுக்கொன்று எழுதட்டும், மூன்று வரிக்குள்.

காணிக்கைப் பவனியில் கிட்டாரும் கிரிக்கெட் மட்டையும் கொண்டுவந்து விளக்கம் வாசிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். திருப்பலி முடிந்ததும் அவை வீட்டுக்குத் திரும்பிவிடும். திரும்பி வருவது காணிக்கையா? அப்பம், திராட்சை இரசம், அவற்றோடு ஏழைகளுக்கான அரிசி மூட்டைகள். அன்றைய நற்செய்திக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆரத்தி எடுக்க ஆசையா? இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் 1969இல் ஒப்புதல் தந்த பன்னிரண்டு பண்பாட்டு அம்சங்களில் அதுவும் உண்டு. உங்கள் பங்கின் வழக்கத்தை ஃபாதரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நற்கருணை மன்றாட்டை முடிக்கும் ‘இவர் வழியாக’ என்ற புகழுரை குருக்களுக்கு உரியது. நமக்கு உரியது அதன் முடிவில் வரும் ‘ஆமென்’. அதை மூன்று குரலில் கூரை அதிரப் பாடுங்கள்.

ஒருவருக்கொருவர் அமைதியைப் பகிரும்போது அதற்கென்று தனியாக ஒரு பாட்டு கூடாது என்று ரோம் 2014இல் மீண்டும் நினைவூட்டியது. பக்கத்தில் இருப்பவரைக் கைகூப்பி வணங்கிவிட்டு நேரே ‘செம்மறியே’வுக்குப் போங்கள்.

படி 6: மிச்சமிருக்கும் ஆசைகளுக்கு

நாடகம், சாட்சியம், கைதட்டிப் பாடும் துதிப் பாடல்கள் எதையும் தூக்கிப்போட வேண்டாம். மறையுரை (வாசகங்களை விளக்கும் உரை) குருவானவர் அல்லது திருத்தொண்டரின் (குருவுக்கு அடுத்த நிலையில் திருநிலைப்படுத்தப்பட்டவர்) பணி. நாடகம் அதன் இடத்தைப் பிடிக்காமல் திருப்பலிக்குப் பின் வளாகத்தில் நடக்கட்டும். சனிக்கிழமை மாலை ஃபாதரிடம் ஒரு மணி நேர நற்கருணை ஆராதனை கேளுங்கள். இறைவார்த்தை, பாட்டு, நீண்ட மௌனம் என்று அங்கே நிறைய இடம் இருக்கிறது.

படி 2இல் எழுதிய தாளை இரண்டு வாரம் முன்பே ஃபாதரிடம் கொடுங்கள். அவர் அடித்துத் திருத்தித் தருவதைக் குழுவில் போட்டோவாகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஒத்திகை கோவிலுக்குள்ளேயே நடக்கட்டும், வாசக மேடை மைக்கோடு. ஞாயிறு மாலை 6 மணித் திருப்பலி என்றால் 5.50க்கு ஒருவர் முன்னே போய் மக்களிடம், ‘பல்லவிய ஒரு தடவை சேர்ந்து பாடிப் பார்ப்போமா?’ என்று கேட்கட்டும்.