டீசல் லாரிக்குச் சரியான ஏர் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பர்மா சாலைகளில் வண்டி விடுவோருக்கு

புதிதாக லாரி வாங்கியவர்களுக்கும், அப்பா ஓட்டிய வண்டியின் பொறுப்பை ஏற்றிருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். எஞ்சின் ஆயிலுக்கும் டயருக்கும் பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, ஏர் ஃபில்டர் என்று வந்தால் கடைக்காரர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பீலிக்கான் முனீஸ்வரருக்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்துவரும் வண்டிக்கு, மூச்சு விடும் வழியில் மட்டும் ஏன் இந்த அலட்சியம் என்று எனக்குப் புரிவதில்லை.

ஒரு லிட்டர் டீசல் எரியப் பத்தாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். மகுவே, பக்கோக்கு பக்கம் பனிக்காலம் முடிந்த பிறகு சாலையில் எழும் புழுதியை நினைத்துப் பாருங்கள். வண்டி குடிப்பது அந்தக் காற்றைத்தான். மண்ணில் இருக்கும் சிலிக்கா துகள், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உள்சுவரான லைனரின் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே போனால், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கை விளிம்பு முதலில் மழுங்கும். பிறகு பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேயும். நீலப் புகை வந்து, ஆயில் குறைந்து, எஞ்சினை இறக்க வேண்டிய நாளில் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று பேசிக்கொள்வோம். ஃபில்டரை யாரும் குறை சொல்வதில்லை.

முதல் படி: எஞ்சினை விடுங்கள், கூட்டைத் திறந்து பாருங்கள்

ஏர் ஃபில்டரை எஞ்சினின் பெயரைச் சொல்லிக் கேட்பது நம் ஊர் வழக்கம். "6டி16-க்கு ஒன்று கொடுங்கள்" என்பார்கள். ஆனால் ஃபில்டர் பொருந்த வேண்டியது எஞ்சினுக்கு அல்ல, சேசிஸில் பூட்டியிருக்கும் ஏர் கிளீனர் கூட்டுக்கு. ஒரே எஞ்சின் வேறு வேறு கூடுகளுடன் வருவதுண்டு.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2011-க்குப் பிறகு ஜப்பானில் ஓடிய பழைய லாரிகள் ரங்கூன் துறைமுகத்தில் நிறைய இறங்கின. ஃபூசோ ஃபைட்டர், ஹினோ ரேஞ்சர், இசுசு ஃபார்வர்ட், நிசான் டீசல் காண்டோர் எல்லாம் அப்படி வந்தவைதான். இறங்கிய பிறகு எஞ்சினை மாற்றியவர்கள் உண்டு. சேசிஸை நீட்டி அச்சு கூட்டியவர்கள் உண்டு. உடைந்த கூட்டுக்குப் பதில் வேறு வண்டிக் கூட்டை வெல்டிங் செய்து மாட்டியவர்களும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயர் ஒன்று, அடியில் இருக்கும் பொருள் வேறொன்று. ஆகவே கடைக்குப் போகும் முன் கிளிப்பை அல்லது காது நட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபில்டர்கள் இருக்கலாம். வெளியில் இருக்கும் பெரியது தூசியை வாங்குவது. உள்ளே இருக்கும் மெல்லியது காவலுக்கு. பெரியது கிழிந்தாலோ, மாற்றும்போது புழுதி சிதறினாலோ எஞ்சினைக் காப்பது அதுதான். வண்டி இழுக்கவில்லை என்று சொல்லி உள் ஃபில்டரை எடுத்து வீசிவிடுபவர்களை ஒவ்வொரு பட்டறையிலும் பார்க்கலாம். உங்கள் கூட்டில் அதற்கு இடம் இருந்து பொருள் இல்லை என்றால், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

இரண்டாம் படி: எண்ணும் அளவும்

பழைய ஃபில்டரின் மூடியில் எண் அச்சிட்டிருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் தகட்டையும் ஒரு படம் எடுங்கள். விக், சகுரா, டொனால்ட்சன் என்று ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி எண் வரிசை. வண்டிக் கம்பெனியின் அசல் எண்ணைச் சொன்னால், நல்ல கடையில் பட்டியலைப் பார்த்து இணையான எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். பட்டியலைத் திறக்காமல் "இதுதான் எல்லாரும் போடுகிறார்கள்" என்று சொல்லும் கடையில் நான் வாங்குவதில்லை.

கடையில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால் பர்மியில் "லே சிட்" என்று கேட்டால் போதும்.

பழைய எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கிடைத்ததைத் திணித்திருக்கலாம். ஒரு டேப்பை எடுத்து மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்: வெளி விட்டம், திறந்த பக்கத்தின் உள் விட்டம், நீளம். மறுமுனை மூடியிருக்கிறதா, போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள் விட்டத்தை மட்டும் பழைய ஃபில்டரில் அளக்க வேண்டாம். அதன் ரப்பர் சூட்டில் நசுங்கி வடிவம் மாறியிருக்கும். கூட்டுக்குள் ஃபில்டர் போய் உட்காரும் குழாயை அளப்பதுதான் சரி.

சீன லாரி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கே 2841 என்று எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் வெளி விட்டம், அடுத்த இரண்டு உயரம், இரண்டும் ஏறக்குறைய சென்டிமீட்டரில். டோங்ஃபெங், ஹோவோ வண்டிகளில் இப்படிப்பட்ட எண்களைப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: ஓரம்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். காகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஓரத்தில் நூல் அளவு இடைவெளி இருந்தால் போதும். டர்போ இழுக்கும் இழுப்பில் புழுதி அந்த வழியாகத்தான் நுழையும். நடுத்தரக் காகிதமும் இறுக்கமான ஓரமும் கொண்ட ஃபில்டர், உயர்ந்த காகிதமும் தொளதொள ஓரமும் கொண்டதைவிட எவ்வளவோ மேல்.

ஓரம் இரண்டு வகை. பழைய வகையில் ஃபில்டரின் முகப்பில் ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். நடுவில் ஓடும் போல்ட்டை முடுக்கும்போது அது கூட்டின் அடித்தகட்டோடு அழுந்தும். இதில் நட்டின் அடியில் வரும் சிறு வாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் போல்ட் துளை வழியாகவே தூசி இறங்கும். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புதிய வகையில் போல்ட்டே கிடையாது. ஃபில்டரின் திறந்த முனையில் மெத்தென்ற பாலியுரித்தேன் வளையம் இருக்கும். அது குழாயைச் சுற்றிக் கவ்வும். வாங்கும்போது கட்டைவிரலால் அந்த வளையத்தை அழுத்திப் பாருங்கள். அழுந்தி, உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கல் மாதிரி இருந்தாலும், விரல் தடம் பதிந்து அப்படியே நின்றாலும் வேண்டாம். ஓரத்தில் காற்றுக்குமிழி வெடித்த பள்ளம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வண்டியையே கடை வாசலுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்: கையால் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும், போன பிறகு திருப்பினால் தயங்க வேண்டும். தானாக வழுக்கி உட்கார்ந்தால் அது உங்கள் வண்டிக்கு உரியதல்ல. தளர்வாக இருக்கிறது என்று கிரீஸ் தடவியோ துணி சுற்றியோ சமாளிக்க வேண்டாம்.

இப்போது மாட்டியிருக்கும் ஃபில்டர் சரியானதா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. ஃபில்டரை எடுத்த பிறகு, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை ஈரமில்லாத வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். செம்மண் நிறம் ஏறினால், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய கோடாகப் புழுதித் தடம் தெரியும். அந்தக் கோடு தொடங்கும் இடம்தான் ஓட்டை. பல நேரம் ஃபில்டரில் குற்றம் இருக்காது. டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், இல்லை கிளாம்ப் தளர்ந்திருக்கும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து ஃபில்டர் வாங்கினாலும் பணம் வீண்.

நான்காம் படி: காகிதம்

மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அந்தப் பகுதியில் காற்று போகாது. அசலையும் மாற்றையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிப் பாருங்கள். போலிச் சரக்கு பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வெளி அளவு அச்சு அசலாக இருக்கும், மடிப்புதான் குறைந்திருக்கும். மடிப்பு குறைந்தால் காகிதப் பரப்பு குறைவு. புழுதிக் காலத்தில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

பிறகு ஃபில்டருக்குள் ஒரு விளக்கை விட்டு, நிழலான இடத்தில் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் சீராக மங்கித் தெரிய வேண்டும். ஊசி முனை அளவு பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தாலும் அது ஓட்டைதான். பெட்டியின் மேல் ஐ.எஸ்.ஓ. 5011 என்று போட்டிருக்கும். அது ஃபில்டரைச் சோதிக்கும் முறையின் பெயர். அச்சடிப்பது யாருக்கும் சுலபம், அதனால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று சிலர் விற்கிறார்கள். பந்தயக் காருக்கு அது இருக்கட்டும். புழுதிச் சாலையில் மூட்டை ஏற்றிப் போகும் லாரிக்கு உலர்ந்த காகித ஃபில்டர்தான் என் தேர்வு. 1960-களில் ஜப்பானின் போர் இழப்பீட்டுத் திட்டத்தின் வழியே இங்கு வேரூன்றிய ஹினோ போன்ற பழங்கால வண்டி இன்னும் உங்களிடம் இருந்து, அதில் ஆயில் தொட்டி வகை ஏர் கிளீனர் இருந்தால், சேறு படிந்த ஆயிலை அடிக்கடி மாற்றுவது தவிர வேறு தேர்வு இல்லை.

ஐந்தாம் படி: என்ன சுமை, எந்தச் சாலை?

ரங்கூனுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குச் சாதாரண ஃபில்டர் போதும். மொன்யுவா பக்கம் துவரை ஏற்றப் போகிறவர்களும், கல் குவாரியில் ஓடுபவர்களும் அதே கூட்டுக்கு உயர்தரக் காகிதம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெகு பக்கம் அறுவடை நேரத்தில் நெல்லும் உளுந்தும் ஏற்றுபவர்களுக்குத் தொல்லை புழுதியைவிட உமியும் சுனையும்தான். அவை காகிதத்தில் போர்வையாகப் படிந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த ஃபில்டர் தீர்வு ஆகாது. காற்று நுழையும் வாயில் சன்னமான கம்பிவலை மாட்டி, தினமும் தட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: மாட்டுவதும் மாற்றுவதும்

கூட்டை ஈரத்துணியால் துடையுங்கள். காற்று பீய்ச்சினால் தூசி எஞ்சின் பக்கம் போய்விடும். அடியில் ரப்பர் வாய் ஒன்று தொங்கும். அதை விரலால் பிதுக்கினால் சேர்ந்த மண் கொட்டும். அது கிழிந்திருந்தால் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றுமில்லை. கூட்டை மாட்டும்போது அந்த வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? கிலோமீட்டர் கணக்கு நம் சாலைகளுக்கு ஒத்துவராது. கூட்டிலோ குழாயிலோ சிறு கண்ணாடி இண்டிகேட்டர் இருக்கும். இழுப்பு அதிகமானால் அதில் சிவப்பு ஏறும். பெரும்பாலும் 20 முதல் 25 அங்குல நீரழுத்தத்தில் சிவப்பு காட்டும்படி அமைத்திருப்பார்கள். சிவப்பு வந்தால் மாற்றிவிட்டு, பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். இண்டிகேட்டர் உடைந்திருந்தால், ஃபில்டரோடு சேர்த்து அதையும் வாங்குங்கள்.

சிவப்பு வரும் முன்பே தினமும் கழற்றித் தட்டுவது நல்ல பழக்கம் என்று நினைக்க வேண்டாம். லேசாகப் புழுதி படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் ஓரம் தளர்கிறது, உள்ளே தூசி விழுகிறது. டயர் கடை கம்ப்ரசரின் முழு அழுத்தத்தைக் காட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் காகிதம் கிழியும். வழியில் புது ஃபில்டர் கிடைக்கவே கிடைக்காது என்றால் மட்டும், 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். பிறகு விளக்குச் சோதனை கட்டாயம். உள் ஃபில்டரை ஊதவே கூடாது. வெளி ஃபில்டர் மூன்று முறை மாறும்போது அதையும் ஒரு முறை மாற்றுங்கள்.

திங்யான் என்னும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நாட்களில் சாலையோரப் பந்தல்களிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் அடிப்பார்கள். கேபினுக்குப் பின்னால் உயர்ந்திருக்கும் காற்று வாய்க்குள் நேராகத் தண்ணீர் போகும். புழுதி அடைந்த காகிதம் நனைந்தால் சேறாகி இறுகிவிடும், காய வைத்தாலும் தேறாது. அந்த வாரம் ஓட்டுகிற வண்டியில் பழைய ஃபில்டரையே விட்டுவைத்து, புதியதைப் பெட்டியோடு கேபினில் வைத்திருங்கள். பண்டிகை முடிந்ததும் கூட்டைத் துடைத்து உலர்த்தி மாட்டலாம். மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் மூடியின் மேல் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த முறை கூட்டைத் திறப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.