ஊரக வீட்டுத் திட்டம்: தவணை நிற்காமல் வீட்டை முடிக்க

2016-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துக்குப் பதிலாக வந்தது பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டம். இதில் வீட்டுக்கான அனுமதி ஆணை வாங்குவதைவிட வீட்டைக் கட்டி முடிப்பதுதான் பெரும்பாடு. பணம் மொத்தமாக வராது. ஒரு கட்டம் முடிந்து, அதன் படம் செயலியில் ஏறிய பிறகே அடுத்த தவணை.

முதலில் தகுதி. பைக், ஃபிரிட்ஜ் இருந்தால் வீடு கிடையாது என்று இன்னும் பலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். 2024-ல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. குடும்ப மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ரூபாய் ஆனது. ஆட்டோ, கார் இருந்தால் இன்னும் சிக்கல்தான்.

சமவெளியில் மானியம் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தன் கையிலிருந்து 1.20 லட்சம் கூடுதலாகத் தருகிறது. கழிப்பறைக்கு 12,000 தனி.

அடுத்து வங்கிக் கணக்கு. பணம் நிற்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான். ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கே போய் விழும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உரிய ஆவணம் தராமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. கம்பிக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுபோய் முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

காலி மனையில் உங்களை நிற்கவைத்து, இடத்தின் இருப்பிடக் குறியீட்டோடு செல்போன் செயலியில் படம் எடுப்பார்கள். அதே இடத்தில்தான் வீடு எழும்ப வேண்டும். ஜோசியர் சொன்னார், பங்காளி மறித்தார் என்று பிறகு மனையை மாற்றினால் அடுத்த படம் ஒத்துப்போகாது. வாஸ்து, எல்லைத் தகராறு எல்லாவற்றையும் அந்தப் படத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது. பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் மட்டம்), கூரை என ஒவ்வொரு மட்டம் முடிந்ததும் ஓவர்சியரிடம் அன்றே சொல்லுங்கள். அவராக வருவார் என்று இருந்தால் வாரங்கள் ஓடிவிடும்.

வீடு பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். திட்டம் கேட்பது சமையலிடம் சேர்த்து 25 சதுர மீட்டர், சுமார் 270 சதுர அடி. வருங்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று 500 சதுர அடிக்கு அஸ்திவாரம் போடுபவர்கள், முதல் தவணையோடு கைப்பணத்தையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டு லிண்டலில் நிற்கிறார்கள். பெரிதாக வேண்டுமென்றால் 270 சதுர அடியை முழுதாக முடித்துக் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டு, பிறகு பக்கவாட்டில் சேருங்கள்.

நூறு நாள் வேலை அட்டை எண்ணைப் பதிவின்போதே கொடுத்துவிடுங்கள். சமவெளியில் 90 நாள் கூலி அதன் வழியாகவே வரும். வேலை நடக்கும்போதே மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். கூரை போட்ட பிறகு கேட்டால் பழைய தேதிக்கு யாரும் எழுதித்தர மாட்டார்கள்.