பெரிமெனோபாஸ் (பீரியட் நிக்கறதுக்கு முந்தின கட்டம்): டாக்டர்கிட்ட சிகிச்சையை எப்படி கேட்டு வாங்கினேன்

45 தாண்டினதும் ராத்திரி வேர்த்து நைட்டியே நனையும், தூக்கம் போச்சு, பீரியட் தப்பித் தப்பி வரும், வந்தா கொட்டும். முதல்ல பாத்த டாக்டர் டென்ஷன்தாம்மா, வாக்கிங் போங்கன்னு அனுப்பிட்டாங்க (சமையக்கட்டுல நடக்கறது பத்தாதாம்). அப்புறம் தேதி, வேர்வை, தூக்கம் எல்லாத்தையும் காலண்டர்லயே குறிச்சு வேற கைனகாலஜிஸ்ட்கிட்ட நீட்டினேன், தைராய்டும் ஹீமோகுளோபினும் பாக்கணும்னு நானே கேட்டேன், ஏன்னா அதுல கோளாறு இருந்தாலும் இப்படித்தான் படுத்தும். எஃப்எஸ்ஹெச்ங்கற ஹார்மோன் டெஸ்ட் வேணாம்னாங்க, அது ஏறி இறங்கிட்டே இருக்குமாம், 45க்கு மேல அறிகுறியே போதுமாம். ஸ்கேன் பாத்துட்டு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஜெல், கர்ப்பப்பை இருக்கறதால கூடவே புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மாத்திரையும் குடுத்தாங்க. இப்ப வேர்வை அடங்கிருச்சு, தூக்கமும் பரவால்ல. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவங்க மட்டும் இந்த ஹார்மோன் எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க. பீரியட் ஒரு வருஷம் நின்னப்புறம் திரும்ப ரத்தம் பட்டா, கொஞ்சமா இருந்தாலும் உடனே காட்டணும்.