பாலாற்றங்கரைச் சாலைகளில் சைக்கிள்: வெளிநாட்டிலிருந்து வேலூர் வருவோருக்கு

பாலாற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனாலும் அந்த மணலின் இரு கரையிலும் ஏரி, தென்னந்தோப்பு, கரும்பு, பழைய கோயில் என்று ஊர்கள் விட்டுவிடாமல் வருகின்றன. சாலை பெரும்பாலும் சமதரை. காலைச் சோற்றுக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவே ஒரு நல்ல சுற்று முடித்துவிடலாம்.

ஏற்ற காலம் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. ஏப்ரல், மே வெயிலில் வேலூரில் சைக்கிள் எடுக்காதீர்கள். எவ்வளவு பழகிய உடம்பாக இருந்தாலும் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மழை. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் தரைப்பாலத்தை நம்பமாட்டார்கள். தண்ணீர் பாலத்தின் மேல் கணுக்கால் அளவு ஓடினாலும் இறங்காதீர்கள். அடியில் காரை பெயர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

முதல் சுற்றுக்குப் பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றுப் பக்கம் போங்கள். காட்பாடியிலிருந்து திருவலம் ஏறத்தாழ 15 கி.மீ. சம்பந்தர் பாடிய வில்வநாதேசுவரர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே 10 கி.மீ. அளவில் மேல்பாடி. ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில், இங்கே உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டவர்கள், அதே அரசன் பாட்டனுக்காகக் கட்டிய இந்தச் சிறிய கற்றளியையும் பார்க்க வேண்டும். அடுத்து வள்ளிமலை: முருகன் கோயிலும், சமணர் சிற்பங்கள் செதுக்கிய குகையும் ஒரே மலையில். படியேறும்போது சைக்கிளை அடிவாரக் கடையில் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். பையில் பழம் இருந்தால் குரங்கு கிழித்துவிடும். எல்லாம் சேர்த்து 50 கி.மீ.யை ஒட்டி வரும்.

இரண்டாவது சுற்று மேற்கே. வேலூரிலிருந்து சுமார் 14 கி.மீ.யில் விரிஞ்சிபுரம். இறைவன் பெயரே வழித்துணைநாதர். மதிலழகுக்குப் பேர்போன கோயில் இது. உள்ளே நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல்லையும் தேடிப் பாருங்கள். கார்த்திகைக் கடைஞாயிறு அன்று கூட்டம் தாங்காது, அன்று வேண்டாம். பிறகு பள்ளிகொண்டா அரங்கநாதர், ஆற்றைக் கடந்து குடியாத்தம், அங்கிருந்து வடகரையில் கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி. ஏறத்தாழ 65 கி.மீ. இதைத் திருப்பிப் போடாதீர்கள். பெரும்பாலான கோயில்கள் பகல் 12 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். வெறுங்காலில் கல்தளமும் 11 மணிக்கே சுடும். எனவே கோயில் முதலில், தூரம் பிறகு. மார்கழி, தையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால் திரும்பும்போது எதிர்க்காற்று இருக்கும். கால்களில் கொஞ்சம் பலத்தை மிச்சம் வையுங்கள்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். செதுவாலை, பள்ளிகொண்டா பக்கம் அதைத் தொடாமல் முடியாத இடங்களில் சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள். அங்கும் எதிர்த்திசையில் பைக் வரும். வரைபடத்தில் சாலைபோலக் காட்டும் கோடு பல நேரம் ஏரிக்கரை மண்பாதையாக இருக்கும். திரும்புமுன் யாரிடமாவது "அண்ணா, தார் ரோடா, மண் ரோடா?" என்று கேட்டுவிடுங்கள். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "கிட்டத்தான்" என்ற பதில்தான் வரும்.

இங்கே சைக்கிளைக் கெடுப்பவை இரண்டு: முள்ளும் வைக்கோலும். ஏரிக்கரை நெடுகச் சீமைக்கருவேலம். அதன் முள் டயரில் ஏறி உள்ளேயே முறிந்துகொள்ளும். ட்யூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் அடுத்த பஞ்சர். டயரின் உட்புறம் ஒரு துணியை ஓட்டுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். குறடால் பிடுங்கிய பிறகே புது ட்யூப். தை அறுவடையில் நெல்லையும் கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடுவார்கள். அந்தத் தாள் பின்சக்கரத்தருகே சங்கிலியைக் கியர் மாற்றும் டீரெய்லரில் சுற்றி, அதைத் தாங்கும் ஹேங்கரை முறித்துவிடும். தாளைக் கண்டதும் இறங்கித் தள்ளுங்கள். உங்கள் சைக்கிள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள், வேலூரில் தேடிக் கிடைக்காது.

டயர் 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 32 நல்லது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் பின்னால் 60, முன்னால் 55 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ட்யூப் மூன்று கொண்டுவாருங்கள். ஜெர்மனி, நார்வே, சுவிஸ் பக்கமிருந்து வருவோர் "28 இஞ்ச்" என்று கேட்டு ஏமாறுவார்கள். அங்கே அது 622 மி.மீ. சக்கரம், ஊர்க்கடையில் கிடைப்பது பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½, அதாவது 635 மி.மீ. அந்த டயர் உங்கள் ரிம்மில் நிற்காது. பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வுக்குப் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். ஆனால் கம்ப்ரஸரில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள், சிறிய ட்யூப் நொடியில் வெடித்துவிடும்.

கனடா, ஐரோப்பா பழக்கத்தில் வலப்பக்கம் ஏறிவிடாதீர்கள். இங்கே இடப்பக்கம், கண்ணாடி வலது கைப்பிடியில். இங்கே வாங்கும் அல்லது இரவல் எடுக்கும் சைக்கிளில் முன் பிரேக் பெரும்பாலும் வலது கையில் இருக்கும், கிளம்புமுன் பிடித்துப் பாருங்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தால் கோபம் இல்லை, "நான் பின்னால் வருகிறேன்" என்று சொல்கிறார். இருட்டியபின் ஓட்ட வேண்டாம். கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்காது, ஊர் எல்லை வேகத்தடைக்கு வெள்ளைக்கோடும் இருக்காது. பொங்கலை ஒட்டிய வாரங்களில் ஊருக்கு ஊர் காளை விடும் விழா நடக்கும். தெருவில் தடுப்பு கட்டியிருந்தால் உள்ளே போகாமல் சுற்றிப் போங்கள். ஓடிவந்த காளை தெரு முடிந்தும் நிற்காது.

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில்தான் 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆகவே கிணற்று நீர், குழாய் நீர் வேண்டாம். மூடிய பாட்டில், இளநீர். ஆம்பூர் பிரியாணியையும் கத்தரிக்காயையும் சுற்று முடிந்தபின் சாப்பிடுங்கள்.

கோயிலுக்குள் போகும்போது உடைக்கு மேலே கட்டிக்கொள்ள ஒரு வேட்டி அல்லது துப்பட்டா வேண்டும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெல்ல நடங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போடுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

ஊர் திரும்பச் சைக்கிளைப் பெட்டியில் கட்டுமுன் டயர், சட்டத்தின் அடிப்பகுதி, ஷூ அடி எல்லாவற்றிலும் மண் போகக் கழுவிக் காய வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களை மண் ஒட்டிய டயருக்காக விமான நிலையத்தில் நிறுத்துவார்கள்.